தெருவுக்கே தெரிந்த பாஸ்வேர்டு

அரிமளம்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் வனிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பிரவீனும் பிரகதியும் நல்ல சுகம், கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் உடம்பு சரியில்லை. நீ ஓசூர் குளிரில் காதைக் கட்டிக்கொண்டு போகிறாயா, ஹாஸ்டல் சாப்பாடு வாய்க்குப் பிடிக்கிறதா, நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறாயா இல்லை போனை நோண்டிக்கொண்டு கிடக்கிறாயா என்று அதே நினைப்பாக இருக்கிறது. போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிக்காதே ஆத்தா. நான் போனை எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரில் போடு என்கிறார், உன் தம்பியும் தங்கச்சியும் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டு கேட்கிறார்கள். இது அவர்கள் காதில் விழக்கூடாத சமாசாரம். எதிர்வீட்டுக் கண்ணாத்தாள் அக்கா மகன் ஓசூருக்கு வருகிறான், அவன் கையில் முறுக்கு டப்பா கொடுத்துவிடுகிறேன், இந்தக் கடிதம் டப்பாவுக்கு அடியில் இருக்கும். எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிட்டுப் படி.

நீ பொங்கலுக்கு வந்தபோது கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வழி, எனக்குத் தனியாக ஒரு வழி என்று பிரித்து வைத்துவிட்டுப் போனாயே, அந்தக் கதைதான். அப்போது உள்ளே பதினேழு கேம் இருந்தது. கார் ஓட்டுவது, பன்றியைச் சுடுவது, கேக்குக்குக் கிரீம் தடவுவது, அது இது என்று. ஆன் பண்ணிவிட்டு உலை வைத்தால் சோறு வடிக்கிற நேரத்துக்குத்தான் திரையில் வெளிச்சம் வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்பா விசேஷங்களுக்கு வாடகைக்குக் கட்டுகிற ரேடியோ செட்டுக்குப் பாட்டு ஏற்றுகிற பென்டிரைவில் பிரவீன் கேம் சத்தத்தையும் சேர்த்து ஏற்றிவிட்டானே, கீழத்தெரு காதுகுத்தில் மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்து ஆசாரி ஊசியை எடுக்கிற நேரம் குழாய் ஸ்பீக்கரில் டுமீல் டுமீல் என்று வெடித்து, மாமன் குழந்தையோடு எழுந்து பந்திக்குள் ஓடினாரே, அன்றைக்குத்தான் எனக்குப் பொறுமை போனது. நீயும் அத்தனையையும் அழித்துவிட்டு, இனிமேல் எந்தக் கேம் போட வேண்டுமென்றாலும் உன் பாஸ்வேர்டு கேட்கும், வீட்டில் யாரும் வாயால் சொல்லாத வார்த்தையாப் பாத்து வையும்மா என்று சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போய்விட்டாய். யாரும் சொல்லாத வார்த்தைக்கு இந்த வீட்டில் நான் எங்கே போவேன், பேசாத பேச்சா பேசுகிறோம். யோசித்து யோசித்து ஒன்று கிடைத்தது. உன் அப்பா பெயர். ஊரே அவரைச் செட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுகிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்ட, அவரைப் பெற்ற உன் அய்யாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நானோ கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷமாக ஒரு தடவை சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் காலண்டரில் இருக்கும் பெருமாளைக் காட்டுவேன். பிரசாதம் வந்தால்கூட மலை லட்டு என்பேன். கையெழுத்திலும் தி. பொன்னுத்தாய் என்று ஓர் எழுத்தோடு நிறுத்திக்கொள்வேன். வாயால் சொல்லக்கூடாதே தவிர விரலால் தட்டினால் குற்றமில்லை என்று நானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, உனக்குக்கூடக் காட்டாமல் தட்டி வைத்துவிட்டேன். எனக்கு என் புத்தியை நினைத்து அவ்வளவு பெருமை.

இப்போது நேற்றைக்கு முந்தின வாரச் சனிக்கிழமைக்கு வருகிறேன். புதுக்கோட்டையில் ஒரு தையல் பயிற்சி மையத்தில் டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள் என்று சொன்னேன் அல்லவா. இத்தனை வருஷம் அடுத்தவர்கள் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்த எனக்கு டீச்சர் என்று யாராவது கூப்பிட மாட்டார்களா என்று எவ்வளவு ஆசை என்று உனக்குத்தான் தெரியும். விடியற்காலையிலேயே புளியோதரை கிளறி வைத்துவிட்டு, பட்டுச் சேலையும் வேண்டாம் நூல் சேலையும் வேண்டாம் என்று நடுவாந்திரமாக ஒன்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அங்கே போய் பையைத் திறந்தால், பாவி நான், எடுத்து வந்தது என் சர்டிபிகேட் இருக்கிற பைல் இல்லை, பிரவீனின் பிராக்ரஸ் கார்டு பைல். ஏழாம் வகுப்பில் அறிவியலில் பதினொன்று வாங்கியவன் என்பதைத் தவிர அதில் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்த மேடம் நல்லவர்கள். ஒரிஜினலைத் திங்கட்கிழமை கொண்டு வாங்க, இப்ப ஒரு நகலாவது வேணும், பன்னெண்டு மணிக்குள்ள குடுத்தாத்தான் உங்களை உள்ள கூப்பிட முடியும் என்றார்கள். மணி பதினொன்று முப்பத்தைந்து. நகல் கம்ப்யூட்டரில் இருக்கிறது, என் வழிக்குள்ளே. உன்னைக் கூப்பிடலாம் என்றால் அந்த வாரம் நீ பகல் ஷிப்டில் இருக்கிறாய், போனை உள்ளே விடமாட்டார்கள். அப்பாவைக் கூப்பிட்டேன்.

உன் அப்பாவைப் பற்றித்தான் தெரியுமே. மூன்று விசில் வந்ததும் குக்கரை இறக்குங்க என்றால், குக்கரை இறக்கி வைத்துவிட்டு எரிகிற வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனுஷர். அது போதாதென்று அன்றைக்குப் புதிதாக வந்த புளூடூத் பாக்ஸை வாசலில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறார். போன் அதோடு சேர்ந்திருக்கிறது. அவர் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால், என் குரல் வெளியே தெருவில். இது எனக்குத் தெரியாது. பாஸ்வேர்டு என்ன என்று கேட்டார். உங்க பேருதாங்க என்றேன். தப்புன்னு வருதே என்றார். என்ன போட்டீங்க என்று கேட்டால், நீ சொன்னதைத்தான், உங்கபேரு என்கிறார்! அய்யோ, நீங்கதாங்க அது என்றேன். நீங்கதாங்க என்று தட்டியிருக்கிறார். பெருமாள் ஊருங்க என்றேன், அதையும் அப்படியே தட்டிவிட்டு, ஊருக்குச் சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்கிறார். எனக்கு முன்னும் பின்னும் பத்து பதினைந்து பெண்கள் நிற்கிறார்கள், மணி பதினொன்று நாற்பத்தெட்டு. இந்த வேலை போனால் போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் வனிதா. அடுத்த நிமிஷம், எதுக்குப் போகணும் என்று கோபம் வந்துவிட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, திருப்பதி, திருப்பதி, திருப்பதி என்று மூன்று தரம் கத்தினேன். வரிசையில் ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

 அப்பா கை இரண்டையும் தொங்கப் போட்டுக்கொண்டு மரம் மாதிரி நின்றுவிட்டாராம். தெருவிலோ பாக்ஸ் முழுச் சத்தத்தில் இருந்திருக்கிறது. கண்ணாத்தாள் அக்கா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, பஸ்ஸு எத்தன மணிக்குக் கெளம்புது, எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ரெண்டு சீட்டுப் போடுங்க என்று வாசலில் நிற்கிறார்கள். நம்ம பிரகதிதான் அப்பாவைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, ஒரே தட்டில் திறந்து, சர்டிபிகேட்டைப் போனில் படம் பிடித்து அனுப்பினாள். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினேன், இரண்டு நிமிஷம் பாக்கி இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. நான் வார்த்தையை மட்டும்தானே கத்தினேன். இங்கிலீஷில் கடைசியில் இரண்டு ஈ போட வேண்டும் என்று யாருக்கும் சொல்லவில்லையே. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன், எழுத்துத் தெரிந்த எவரும் அப்படி எழுத மாட்டார்கள். வீட்டுக்கு வந்து பிரகதியைப் பிடித்தேன். ஒரு மாசமாகவே தெரியுமாம்! எல்லாம் சொல்லுற, லட்டுக்கு மட்டும் வேற பேரு சொல்லுற, அதான் கண்டுபுடிச்சேன், நீ தப்பு விட்டுத்தானே எழுதுவன்னு ஒவ்வொரு தப்பாப் போட்டுப் பாத்தேம்மா என்கிறாள். கம்ப்யூட்டரில் ஆறாம் வகுப்புக் கணக்கு என்று ஒரு போல்டர் இருக்குமே, அதைத் தினமும் திறக்கிறாளே என்று நான் மாரியம்மன் கோயிலில் சந்தோஷமாகச் சூடம் ஏற்றினேனே, அதற்குள்தான் ஒன்பது கேம். பிரவீனுக்குக் கேம் போட்டுக் கொடுக்க ஒன்றுக்கு நாலு தேன்மிட்டாய் வாங்கியிருக்கிறாள். கரண்டியை ஓங்கிவிட்டேன். ஆனால் பார், அவள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இந்த ஜென்மத்தில் மாட்டியிருக்க மாட்டாள், என் வேலைதான் போயிருக்கும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஒன்பது கேமையும் அவள் கையாலேயே அழிக்க வைத்தேன், அது வேறு விஷயம். கேக் கேமுக்கு மட்டும் பிரவீன் அழுதான், இத்தனைக்கும் அவனுக்கு மீசை முளைக்கிறது.

வேலை கிடைத்துவிட்டது, அடுத்த ஒன்றாம் தேதி முதல் போகிறேன். இனி நான் வீட்டில் இல்லாத நேரம் அதிகம், பாஸ்வேர்டு தெருவுக்கே தெரியும், காய்கறிக்காரர்கூட அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். உடனே மாற்ற வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். ஆனால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அன்றிலிருந்து அப்பா தினமும் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பாஸ்வேர்டு மறந்துபோச்சு, என்னன்னு சொல்லு என்கிறார். முதல் நாள் தாளில் எழுதிக் கொடுத்தேன், தொலைத்துவிட்டார். சுவரில் ஒட்டினேன், கண்ணாடி இல்லை என்றார். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, பாக்ஸ் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னேன். அந்த மனுஷர் கம்ப்யூட்டரை ஆன்கூடப் பண்ணியிருக்கவில்லை. அதனால் நீ கேமுக்கு வேறு ஏதாவது பூட்டுப் பார்த்துப் போடு, அதற்கு எந்த வார்த்தை வேண்டுமானாலும் வைத்துக்கொள். இதை மாற்றாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, பெருமாள் துணையிருந்து நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. டப்பாவைத் திருப்பி அனுப்ப மறக்காதே, அது கண்ணாத்தாள் அக்காவுடையது. படித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடு, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

உன் அம்மா,
திருப்பதி பொன்னுத்தாய்