எண்ணாமல் விட்ட புள்ளிகள்

1938 செப்டம்பர் 12
இன்று விவசாய இலாகா வேலை கீரமங்கலத்திலேயே. காத்தாயியின் தோட்டத்துக்குப் பயிர்ப்பூச்சி பார்க்கப் போனேன். எலுமிச்சையில் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். பொறுக்கி நசுக்கச் சொன்னேன். கத்தரியில் பொறிவண்டு. அதைத் தொடாதே, செடிப்பேனைத் தின்று பயிரைக் காக்கும் என்றேன்.

"எலையெல்லாம் சல்லடையாக் கெடக்கே ஐயா, இதுக திங்கலைங்களா?"

"படிச்சவன் சொல்றேன், கேளு."

அவள் புருஷன் வெள்ளைச்சாமி தலையாட்டினான்.

செப்டம்பர் 13
நேற்று அந்த வண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேனே — புள்ளிகளை எண்ணினேனா?

செப்டம்பர் 27
காத்தாயி தோட்டத்தில் பிடித்து வந்த வண்டை இன்றுதான் வெயிலில், பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நல்ல வண்டின் முதுகு பளபளக்கும், புள்ளி ஆறுதான். இதன் முதுகில் மங்கலான பூமயிர், புள்ளிகள் இருபத்தெட்டு. இது கத்தரி இலையைத் தின்னும் ஜாதி.

வண்ணத்துப்பூச்சியைப் பத்தடியில் அடையாளம் சொல்வேன். வண்டு கைக்குள் இருந்தும் தெரியவில்லை. ஒரு வருஷமாகக் கண்ணில் புகை. என் மனைவி அமராவதிக்கு மட்டும் தெரியும். ஆபீசில் தெரிந்தால் உத்தியோகம் போய்விடும். ஆனாலும் காத்தாயியிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 1
போகவில்லை.

அக்டோபர் 4
இன்றும் போகவில்லை. என்ன மனுஷன்டா நீ?

அக்டோபர் 10
போனேன். பாத்தி முழுக்க நரம்பு மட்டும் நிற்கும் இலைகள். பிஞ்சுகூட இல்லை. வெள்ளைச்சாமி போன வாரமே, கூலிக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு இலங்கைக்கு, கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டான். காத்தாயி சொல்லித்தான் பக்கத்துக் கொல்லை மலையாண்டியும் வண்டை விட்டு வைத்தானாம். அவனுடையதும் போச்சு.

கண் தெரியாததை மறைக்காமல் சொன்னேன். அவள் ஓர் இலையைக் கிள்ளி என் கையில் வைத்தாள்.

"தெரியலைன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்களே நசுக்கிப் போட்டிருப்போமே ஐயா."

அக்டோபர் 12
மேலதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். எழுத்து வரி மீறிப் போகிறது.

டிசம்பர் 5
சொல்வது நான். எழுதுவது அமராவதி.

வேலையிலிருந்து நீக்கி உத்தரவு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. திருச்சி டாக்டர் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்.

காலையில் காத்தாயி வந்தாள். வெள்ளைச்சாமியிடமிருந்து இன்னும் ஒரு வரிகூட வரவில்லை. கடிதம் எழுதித் தரக் கேட்டாள். கண்டித் தோட்டத்து விலாசம் எனக்குத் தெரியும். நான் சொல்கிறேன் என்றேன்.

"ஐயா சொல்ல வேணாம்மா. தபாலாபீசுல கேட்டு நீங்களே எழுதிக் குடுங்க" என்றாள் அமராவதியிடம்.

அமராவதி அப்படியே செய்தாள்.