கரீம் பாய்க்கு ஒரு பொட்டலம் கைமுறுக்கு

என் அருமை அண்ணா,

மீனம்பாக்கத்தில் ஆகாய விமானத்துக்குக் காத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அப்பா அறைந்த கன்னம் இன்னும் எரிகிறது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். மன்னியை டெல்லியிலிருந்து மயிலாப்பூருக்கு அழைத்து வரப் போகிறோம். தேசம் இரண்டானதிலிருந்து ரயிலில் வெட்டித் தள்ளுகிறார்களாம், அதனால்தான் விமானம். நீ இருந்திருந்தால், "உனக்கு வந்த வாழ்வைப் பாருடீ" என்று சீண்டியிருப்பாய்.

நீ போனதால் இந்த வருஷம் நமக்குப் பண்டிகை கிடையாது. அம்மா பட்சணத்துக்கு வாணலி ஏற்ற மாட்டாள். ஆனால் உன் அடுத்த வீட்டுத் தையல்காரர் கரீம் பாயைப் பார்க்க வெறுங்கையோடு போவதா? அம்மாவின் கைமுறுக்கில் நீ எப்போதும் பங்கு கொடுப்பதால், அவர் உன்னை "முறுக்கு பாபு" என்றே கூப்பிடுவாராமே. மன்னிக்கு இன்றைக்கும் அவர் வீட்டில்தான் அடைக்கலம். அதனால் இங்கேயே கடை முறுக்கு வாங்கப் போனேன். அப்பா முகத்தைச் சுளித்தார், தடுக்கவில்லை.

"டெல்லிக்காம்மா போறீங்கோ? அங்க ஒரே வெட்டு குத்தா கீதாமே?" என்று பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார் கடைக்காரர்.

"என் பிள்ளையையே வெட்டிட்டான்," என்றார் அப்பா. "பக்கத்தாத்து பாய். சிரிச்சுப் பேசிண்டே இருந்து வெட்டிட்டான்."

உன் ஆபீஸ் நண்பர் நம் கூடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னதை அப்பாவும்தானே கேட்டார்? கும்பல் தேடி வந்தது கரீம் பாயை. வாசலை மறித்து நின்றவன் நீ. உன் கழுத்துக்கு வந்த முதல் வெட்டைத் தன் கையில் வாங்கியவர் அவர். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அடுத்த வெட்டைத் தடுக்க அவருக்குக் கை இல்லை.

"அவன் கைய வெட்டிப் போடணும் சாமி!" என்றார் கடைக்காரர்.

"வெட்டியாச்சு!" என்று கத்தினேன். பொட்டலத்தால் மேஜை மேல் ஓங்கி அடித்தேன். மிட்டாய் பாட்டில் ஒன்று விழுந்து சிதறியது. "அண்ணாவுக்காகத்தான் அந்தக் கை போச்சு. கொன்னது நம்ம மனுஷா அப்பா, நம்ம மனுஷா!"

அப்போதுதான் அறை விழுந்தது. எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு வெட்கமே இல்லை அண்ணா. இன்னொரு பாட்டில் எட்டியிருந்தால் அதையும் உடைத்திருப்பேன்.

அப்பா ஏன் அப்படிச் சொன்னார்? நம்மவனே கொன்றான் என்றால் யாரை வைவது என்று தெரியவில்லையா? அவர் மேல் ஆத்திரம் அடங்கவில்லை. பாவமாகவும் இருக்கிறது.

வேறு முறுக்கு கட்டித் தருவதாகக் கடைக்காரர் வந்து சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். இதோ, விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பொடிந்த இந்த முறுக்கைத்தான் கரீம் பாயிடம் கொண்டுபோவேன். இடது கையை நீட்ட அவர் கூசினால், அப்பா பார்க்க நானே அவர் வாயில் ஊட்டுவேன். அறையட்டும். இன்னொரு கன்னம் இருக்கிறது.

வாயை மூடத் தெரியாத உன் தங்கை,
கோமு