சங்தே அண்ணன் வாசித்த பலகைகள்

மொக்போ,
மார்ச் 11

சங்தே அண்ணனுக்கு,

பன்சோக் எழுதுகிறேன். யாரோ எழுதித் தந்தது என்று நினைக்க வேண்டாம். என் கையெழுத்துதான். எழுபத்தெட்டு வயதில் என் முதல் கடிதம். எழுத மூன்று நாள் ஆனது.

மகள் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? கண் போன பிறகு ஃபோன்தான் உங்களுக்கு எல்லாம் வாசித்துச் சொல்கிறதாமே. இதையும் வாசிக்கட்டும். அதற்குப் புரியாவிட்டால் இன்னும் பெரிதாக எழுதுகிறேன்.

நகர மன்றத்தில் முதியோருக்குக் கொரிய எழுத்து வகுப்பு நடக்கிறது. பெண்கள் பதினோரு பேர், ஆண் நான் ஒருவன். "மீன் மூட்டை தூக்கின தோளு, ஒரு பென்சிலுக்கு இப்படி மூச்சு வாங்குதே" என்கிறார்கள்.

எழுத வந்த விஷயம் இதுதான். மழை நாளில் சந்தையில் வேலை இருக்காது. நனைந்துகொண்டு உங்கள் அருங்காட்சியகத்துக்குள் வந்து நிற்பேன். காவலரான நீங்கள் என்னைத் துரத்தவில்லை. ஒவ்வொரு பொருளின் விளக்கப் பலகையையும் வாய்விட்டு வாசித்தபடி நடப்பீர்கள். எனக்காகத்தான் என்று தெரியும். முப்பது வருஷமாகச் சொல்லாத நன்றியை இப்போது சொல்கிறேன்.

அடுத்த வாரம் வகுப்போடு அங்கே போகிறோம். நீங்களும் வாருங்கள். இந்த முறை நான் வாசிக்கிறேன்.

உங்கள் தம்பி,
பன்சோக்

*

சுன்சொன்,
மார்ச் 16

பன்சோக்,

நான் பேசப் பேச ஃபோன் எழுதுகிறது. உன் கடிதத்தை நான்கு தரம் வாசிக்கச் சொன்னேன். "அப்பா, அது களைச்சுப் போயிடும்" என்கிறாள் மகள்.

எழுதப் படிக்கக் கற்றது நல்ல காரியம். ஆனால் நான் வரவில்லை. குருடனுக்கு அங்கே என்ன வேலை? கண்ணாடிப் பெட்டியில் மூக்கை இடித்துக்கொள்ளவா?

நன்றியெல்லாம் வேண்டாம்.

சங்தே

*

மொக்போ,
மார்ச் 25

சங்தே அண்ணனுக்கு,

போய்விட்டு வந்தோம். கழுத்தில் ஒரு சின்னக் கருவி மாட்டிவிட்டார்கள். பொருளின் முன்னால் நின்றால் அதுவே பேசுகிறது. புரியவில்லை என்றால் லேசான சொல்லில் மறுபடி சொல்கிறது. எத்தனை தரம் கேட்டாலும் அலுத்துக்கொள்வதில்லை. செயற்கை நுண்ணறிவாம். எங்கள் ஆசிரியை அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். நீளமான பெயர். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பார்வை இல்லாதவர்களுக்கும் அதில் வழி இருக்கிறது. உங்களுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு சோதித்தேன். "உங்கள் முன்னால் முழங்கால் உயர வெள்ளை ஜாடி. இடப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கிறது. பழுப்பு நிறத்தில் ஒரு டிராகன். கண்கள் பெரியவை, திடுக்கிட்டது போல" என்றது. எனக்கு அப்படியே தெரிந்தது, அண்ணே. தொட்டுப் பார்க்க அதே அளவில் நகல் ஜாடியும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு சந்தேகம். மனைவிக்குத் தெரியாமல் மாவட்ட அதிகாரி சாராயம் ஒளித்து வைத்த ஜாடி என்றுதானே நீங்கள் வாசித்தீர்கள்? சடங்கில் பூ வைக்கிற ஜாடி என்கிறது கருவி. பலகையை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதிலும் பூதான். சாராயத்தைப் பற்றிக் கருவியிடமே கேட்டேன். "அப்படி ஒரு குறிப்பு என்னிடம் இல்லை. யார் சொன்னது என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்" என்றது. பதினோரு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்த இரண்டு பொருளும் அப்படியே. பலகையை மாற்றிவிட்டார்களா? வந்து நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
பன்சோக்

*

சுன்சொன்,
ஏப்ரல் 2

பன்சோக்,

இதைச் சொல்ல ஒரு வாரம் ஆனது.

யாரும் எதையும் மாற்றவில்லை. நான் வேலையில் சேர்ந்தபோது பலகைகளில் பாதிக்கு மேல் சீன எழுத்து. நான் நான்கு வகுப்புதான் படித்தவன். நம் கொரிய எழுத்து தெரியும், சீன எழுத்து தெரியாது. சீருடை போட்டவன் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? பலகைமேல் உன் கண் ஓடாமல் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்தேன். இவனுக்கும் தெரியாது என்று புரிந்தது. வாசிப்பது போல வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ சிரித்தாய். அடுத்த மழைக்கும் வந்தாய்.

பின்னால் பலகைகளை நம் எழுத்தில் மாற்றினார்கள். அப்போதுதான் உண்மையைப் படித்தேன். அதற்குள் நீ எல்லாவற்றையும் நம்பியிருந்தாய். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

நான் வராததற்குக் காரணம் கண் இல்லை. உன் பக்கத்தில் நிற்கும்போது அந்தக் கருவி ஒவ்வொன்றாக என்னைப் பொய்யனாக்கும். உன் முதல் கடிதத்தின் நன்றி எனக்கு உரியதில்லை. திரும்ப எடுத்துக்கொள்.

சங்தே

*

மொக்போ,
ஏப்ரல் 9

சங்தே அண்ணனுக்கு,

ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். பொய்க்காக இல்லை. உங்களுக்குத் தெரியாது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், உங்கள் முன்னால் அத்தனை வருஷம் கூனி நின்றிருக்க மாட்டேன். இரண்டு பேருமாகப் போய்ப் படித்திருக்கலாம்.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். "அவரு பலகையில உள்ளதை அப்படியே வாசிச்சிருந்தா நீ ரெண்டாம் தரம் அங்க போயிருப்பியா?" என்று ஒரு அம்மா கேட்டார். யோசித்துப் பார்த்தேன். போயிருக்க மாட்டேன். அதனால் நன்றியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

வியாழக்கிழமை பத்தரைப் பேருந்தில் மகள் உங்களை ஏற்றிவிடட்டும். அவளிடம் ஃபோனில் பேசிவிட்டேன். நிறுத்தத்தில் நிற்பேன்.

அந்தக் கூடத்தில் நாற்பத்தொரு பொருள் இருக்கிறது. நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். மீதி முப்பத்தெட்டையும் கேட்கவில்லை, படிக்கவும் இல்லை. முதலில் நீங்கள் சொல்லுங்கள். பிறகு அந்தக் கருவி சொல்லட்டும்.

உங்கள் தம்பி,
பன்சோக்