முதல் ஓட்டு எனக்கு

ஹென்னிங்,

இன்று விளக்குக் கம்பங்களில் கட்டியிருந்த என் தேர்தல் தட்டிகளை ஏணி போட்டு அவிழ்த்தேன். ரொட்டிக்கடை கெர்லிண்ட் கீழே நின்று, "ஜெயிச்சுட்டீங்களே, பெர்லின் நாடாளுமன்றத்துக்கு எப்ப கிளம்புறீங்க?" என்றாள். தொகுதியில் ஜெயித்தும் எனக்கு இடமில்லை என்றேன். "அநியாயமா இருக்கே" என்றாள்.

அநியாயமில்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு: முதல் ஓட்டு தொகுதியில் நிற்கும் ஆளுக்கு, இரண்டாவது கட்சிக்கு. இரண்டாவது ஓட்டு எவ்வளவோ, கட்சிக்கு அவ்வளவு இடம்; ஐந்து சதவீதம் தாண்டாத கட்சிக்கு ஒன்றுமே இல்லை. கட்சிக்குக் கிடைத்த இடங்கள் தொகுதிகளில் ஜெயித்த எல்லாருக்கும் போதாவிட்டால், குறைந்த சதவீதத்தில் ஜெயித்தவர்கள் வீட்டில் இருக்க வேண்டியதுதான். எந்தக் கட்சியும் தன் பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்று இந்தச் சட்டத்துக்காக மேடை மேடையாகப் பேசியவள் நான். இப்போதும் மாற்றிப் பேச மாட்டேன். ஆனால் நம் ஊருக்கென்று அங்கே இனி ஆளில்லை.

நேற்று சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னாய்: "என் முதல் ஓட்டு உனக்குத்தான். ரெண்டாவதை அந்தச் சின்னக் கட்சிக்குப் போட்டேன். பாவம், அஞ்சு சதவீதம் தாண்டணும்ல."

ஊரில் பலரும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. உனக்கு மட்டும் இதை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். சூப் அடுப்பில் இருக்கிறது.

அந்தக் கட்சியும் ஐந்தைத் தாண்டவில்லை, ஹென்னிங்.

இப்படிக்கு,
நீ ஜெயிக்க வைத்தவள்