தம்பியின் சுருதி

1986, ஆவணி 20

திருக்கனூரில் கல்யாண வரவேற்பு. தம்பி இறந்தபிறகு, அவன் கீபோர்டு வாசித்த கேசட்டைப் போட்டுவிட்டுத்தான் டிரம்பெட் ஊதுகிறேன். இன்று நடுவில் கரண்டு போனது. டேப்பைப் பேட்டரிக்கு மாற்றினேன். பழைய பேட்டரி. ஓட ஓட வேகம் குறைந்து, அவன் சுருதி இறங்கியது. மூச்சு வாங்கும்போதெல்லாம் டிரம்பெட்டின் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து, நானும் அவனோடு சுருதி இறங்கினேன். ஒரு கட்டத்தில் இழுக்கக் குழாய் இல்லை. அவன் இன்னும் இறங்கினான்.

பெண்ணின் மாமா வந்தார். "இன்னாபா, எழவு வூட்ல ஊதுற மாதிரி ஊதுற? பேட்டரிய மாத்தேன்."

நியாயம்தான். புது பேட்டரி பையிலேயே இருந்தது. மாற்ற வேண்டுமென்றால் அவனை நிறுத்த வேண்டும். ஆஸ்பத்திரியிலும் அவன் குரல் இப்படித்தான் இறங்கி இறங்கி நின்றது. என் கையால் நிறுத்த முடியவில்லை. தானாக நிற்கும்வரை கூடவே ஊதினேன்.