மூன்றை இரண்டால் வகுத்தால்

ராயபுரம், சென்னை-13
4 ஏப்ரல் 1973

அன்புள்ள சாபிரா,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். கையெழுத்து கோணலாக இருந்தால் அதையும் பொறுத்துக்கொள். டோரதி இப்போதுதான் கண்ணை மூடினாள். பல் முளைக்கிற ஜுரம் என்கிறார் டாக்டர். ஒன்பது மாதக் குழந்தைக்குப் பல்லால் இவ்வளவு சூடு வருமா என்று எனக்குப் பயம். கால் மணிக்கு ஒருதரம் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். தொட்டுத் தொட்டே நீதான் எழுப்பிவிடுகிறாய் என்று பாஸ்கல் திட்டுகிறார். அவருக்கு இந்த வாரம் துறைமுகத்தில் பகல் ஷிஃப்ட். குறட்டை கொருக்குப்பேட்டை யார்டு வரைக்கும் கேட்கும்.

சுற்றிதழ் வந்தது. நீ விலாசம் கொடுத்துச் சேரச் சொன்னாயே, கம்ப்யூட்டர் மொழி ஃபோர்ட்ரானுக்கான அந்தச் சுற்றிதழ். பெயரே போடாமல் எண் மட்டும் போடுவது, புதிதாகக் கற்பவர்கள் கூச்சமில்லாமல் கேட்கட்டும் என்பதற்காக என்று எழுதியிருந்தாய். எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது விதியாம். உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்லப்போகிறேன், என் எண் பதினேழு.

என் கேள்வி இதுதான். துறைமுகத்தில் ஓவர்டைம் ஒரு மணி நேரத்தை ஒன்றரை மணியாகக் கணக்கு வைப்பார்கள். அதற்கு ஒரு புரோகிராம் எழுதினேன். ஒன்றரைக்கு 3/2 என்று போட்டேன். பம்பாயில் இருக்கிற செயலாளர் அதைக் கார்டுகளில் துளையாகக் குத்தி, மெஷினில் ஓட்டி, அச்சடித்த தாளை அனுப்பினார். நாலு மணி ஓவர்டைமுக்கு ஆறு வரவேண்டிய இடத்தில் நாலே வந்தது. பாஸ்கலிடம் காட்டினேன். "நாலு மணி ஒழச்சா நாலுதானா? உன் மிஷினு மொதலாளி பக்கம் கீது" என்றார். ஏன் அப்படி வருகிறது என்று சுற்றிதழில் கேட்டேன்.

வந்த பதில்களை அப்படியே எழுதுகிறேன்.

எண் 9: கையேட்டின் நான்காம் அத்தியாயம் காண்க.

எண் 12: இது சென்ற அக்டோபர் இதழிலேயே கேட்கப்பட்டுவிட்டது.

எண் 3 அரைப்பக்கம் எழுதியிருக்கிறார். சம்பளக் கணக்குக்கு ஃபோர்ட்ரானே கூடாது, கோபோல் மொழிதான் சரி என்கிறார். என் கேள்வியை அவர் தொடவே இல்லை.

எண் 5: மூன்றை இரண்டால் வகுக்கத் தெரியாதவர் முதலில் ஐந்தாம் வகுப்புக்குத் திரும்பலாம். இது பள்ளிக்கூடம் அல்ல.

என்னிடம் கையேடு ஏது, சாபிரா? போன அக்டோபரில் நான் சுற்றிதழிலேயே இல்லை. வயிற்றிலிருந்து இறங்கி மூன்று மாதமான பிள்ளையோடு இருந்தேன். நாலு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள், ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதிலும் அந்த ஐந்தாம் எண். கணக்கில் முதல் வகுப்பு வாங்கியவள் நான். அந்தத் தாளை பாஸ்கல் கண்ணில் படாமல் அரிசி டின்னுக்குக் கீழே வைத்தேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் மவுண்ட் ரோடு கம்பெனியின் பரீட்சை. தேறினால் கம்ப்யூட்டர் அறையிலேயே வேலை. இந்த வருடம் விட்டால் எனக்கு வயது தாண்டிவிடும். இன்றுவரை ஒரு கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. நீ கையால் எழுதி அனுப்பிய இருபது பக்கமும் இந்தச் சுற்றிதழும்தான் எனக்கு எல்லாம். ஆனால் இனி அதில் ஒரு வரி கேட்பேனா என்று சந்தேகமாக இருக்கிறது.

குழந்தை முனகுகிறாள்.

உன்
ஹில்டா


பெங்களூர்
11 ஏப்ரல் 1973

அன்பு ஹில்டா,

டோரதிக்கு ஜுரம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். அல்லா காப்பாற்றுவான். நீ தொட்டுப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். புள்ளி வைக்காத எண்ணை மெஷின் முழு எண் என்றே எடுத்துக்கொள்ளும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால், மீதியைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் ஒன்றரையில் அரை போய்விடுகிறது. 3.0/2.0 என்று புள்ளி வைத்து எழுது. உன் வீட்டுக்காரருக்கு ஆறு மணியும் வந்துவிடும். இவ்வளவுதான். சொல்வதற்கு நாலு வரி போதும்.

இந்த நாலு வரியை நான் சுற்றிதழிலேயே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வேறு ஒன்றை எழுதினேன். எண் 5 நான்தான்.

பதினேழு நீ என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்வது சமாதானம் இல்லை; வேறு யாருக்கோ எழுதினால் சரி என்று ஆகிவிடும். இரண்டு நாளாக யோசித்ததைச் சொல்கிறேன். நான் இங்கே கம்ப்யூட்டர் அறையில் வேலைக்குச் சேர்ந்த வருடம், கார்டு அடுக்கைத் தலைகீழாக மெஷினில் வைத்துவிட்டேன். அதன்பிறகு அறையில் யார் நுழைந்தாலும் "சாபிரா, மேலே எது கீழே எது?" என்று கேட்பார்கள். ஏழெட்டு ஆண்கள், நான் ஒருத்தி. அழுவதற்குக் கழிவறைக்குப் போனேன், அந்தத் தளத்தில் பெண்களுக்குக் கழிவறையே இல்லை. பிறகு புதிதாக ஒருவன் வந்தான், அவனும் ஏதோ தப்புச் செய்தான். எல்லோரும் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்குத்தான் என்னை அவர்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் சுற்றிதழிலும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஒன்று செய். இனி உன் கேள்விகளை எனக்கே நேராக அனுப்பு. ஒரே வாரத்தில் பதில் வரும். சுற்றிதழில் கேட்காதே. அதைப் படிக்கிற முப்பது பேரில் இரண்டு பேராவது மெட்ராஸ்காரர்கள். நாளைக்கு உன்னைப் பரீட்சை வைக்கப்போகிறவர்கள் அவர்களாகவே இருக்கலாம். ஒன்றும் தெரியாதவள் என்று உன் எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளக்கூடாது.

என்மேல் கோபப்படு. ஆனால் படிப்பை விடாதே.

சாபிரா


ராயபுரம், சென்னை-13
24 ஏப்ரல் 1973

சாபிரா,

பதில் எழுதப் பதின்மூன்று நாள் ஆனது. ஈஸ்டர் வேலை, பிறகு டோரதிக்கு வயிறு சரியில்லை என்று சொல்லலாம். ஆனால் உண்மையில், காகிதத்தை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் திரும்ப வைத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பு என்று நீ எழுதிய அதே கை, கல்லூரியில் எனக்கு நோட்ஸ் எழுதித் தந்த கை. இரண்டையும் என்னால் பொருத்திப் பார்க்க முடியவில்லை.

ஜுரம் விட்டது. இரண்டு பல். முத்தம்மா வந்து பார்த்தாள். எதிர்வீட்டில் மீன் கூடை வைத்திருப்பவள், நான் படிக்கும்போது குழந்தையை வைத்துக்கொள்கிறவள். "இன்னாமே, எய்திகினே கீற? கொயந்த பென்சிலத் துன்னுது பாரு" என்றாள். அன்று முழுக்க டோரதி வாயைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் உன் கடிதத்தை பாஸ்கலிடம் படித்துக் காட்டினேன். கோபத்தில்தான். உன்னை இரண்டு வார்த்தை திட்டுவார், என் மனசு ஆறும் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. "கேட்டதுக்கா சிரிச்சாங்க?" என்றார், நம்பாதவர் மாதிரி.

"உங்க இடத்துல சிரிக்க மாட்டாங்களா?"

"எங்க கேங்குல புச்சா ஒர்த்தன் மூட்ட தூக்குற வின்ச்சுல ஏறினான்னு வெச்சுக்க. அவன் கேட்டுகினே இர்க்கணும். 'இப்ப தூக்கவா, இப்ப எறக்கவா'ன்னு, கப்பல் அடில நிக்கிறவனுக்குக் கேக்குற மாறி. கம்முனு ஏறிக் குந்திகினு எல்லாம் தெரிஞ்சவன் கணக்கா லிவர இழுக்கறான் பாரு, அவனத்தான் அய்யாத்துரை அண்ணன் காலரப் புடிச்சு எறக்கிவுடுவாரு."

"அய்யாத்துரை மேஸ்திரியா? அவர் சிரிக்கவே மாட்டாரே."

"டீ குடிக்கச்சொல்ல நல்லா சிரிப்பாரு. மூட்ட தலைக்கு மேல தொங்கச்சொல்ல எவன் சிரிப்பான்?"

அவ்வளவுதான். தட்டைக் கழுவப் போய்விட்டார். எனக்குத்தான் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. எட்டாவதோடு நின்றவர்கள் ஒரு வேலையைக் கற்றுத்தர வழி செய்துவைத்திருக்கிறார்கள். பட்டம் வாங்கிய முப்பது பேருக்கு அது தெரியவில்லை.

ஆகவே உனக்கு நேராகக் கேள்வி அனுப்ப மாட்டேன். நீ சொல்லித் தந்ததற்கு நன்றி. ஆனால் அது எனக்கு மட்டும் தெரிந்தால் போதுமா? என்னைப் போல அரிசி டின்னுக்குக் கீழே தாளை ஒளித்துவைத்தவர்கள் எத்தனை பேரோ. இன்று காலை செயலாளருக்கு எழுதிவிட்டேன். புள்ளி வைக்கிற விஷயத்தை எண் 17 பெயரில் விளக்கினேன். நீ சொன்னதாகச் சொல்லவில்லை, தெரிந்த ஒருவர் என்று எழுதினேன். கூடவே புதிய கேள்வியும் கேட்டிருக்கிறேன். கார்டில் ஏழாவது கட்டத்திலிருந்துதான் எழுத வேண்டும் என்கிறார்களே, முதல் ஆறு கட்டம் எதற்கு? இதுவும் ஐந்தாம் வகுப்புக் கேள்விதான்.

இதற்கு நீ சுற்றிதழில் பதில் எழுது. எண் 5 என்றே எழுது. உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

ஹில்டா


ராயபுரம், சென்னை-13
6 ஜூன் 1973

சாபிரா,

என் கடிதம் வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. மே இதழ் வந்தது. எண் 5 எதுவும் எழுதவில்லை. ஆறு கட்டத்துக்கு எண் 12 பதில் சொல்லியிருக்கிறார். முதல் ஐந்தும் வரிக்கு எண் கொடுக்க, ஆறாவது முந்தின வரியின் தொடர்ச்சி என்று காட்ட. அக்டோபர் இதழைப் பார் என்று சொல்லவில்லை, சந்தோஷம்தான்.

இன்னொன்று. எண் 21, எண் 24, எண் 28 மூன்று பேரும் எழுதியிருக்கிறார்கள். 3/2 அவர்களையும் அலைக்கழித்ததாம், கேட்க வெட்கமாக இருந்ததாம். எண் 28 இரண்டு மாதம் மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். அந்தப் பக்கத்தை அரிசி டின்னுக்குக் கீழே வைக்கவில்லை. சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பாஸ்கல் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார், ஒருவருக்கும் புரியாது.

நீ நலமா என்று ஒரு கார்டாவது போடு.

ஹில்டா


ராயபுரம், சென்னை-13
19 ஆகஸ்ட் 1973

அன்புள்ள சாபிரா,

பரீட்சை நடந்த விதத்தை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. நீ பேசாமல் இருந்தாலும் சரி.

முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். பெண்கள் இரண்டே பேர். டோரதியை முத்தம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன், பஸ்ஸில் மவுண்ட் ரோடு போகிற வரைக்கும் அவள் விக்கல் என் காதிலேயே இருந்தது. கடைசிக் கேள்வி மூன்று ஷிஃப்ட் ஓடுகிற ஒரு தொழிற்சாலையைப் பற்றி. ஒவ்வொரு ஆளும் வந்த மணி, போன மணி, தேதி கார்டில் இருக்கும். ஆளுக்கு அன்றன்று எத்தனை மணி வேலை என்று கணக்கிட்டு அச்சடிக்கப் புரோகிராம் எழுத வேண்டும். எல்லோரும் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். போன மணியிலிருந்து வந்த மணியைக் கழித்தால் முடிந்தது.

எனக்குப் பேனா நகரவில்லை. இரவு பத்துக்குப் போய்க் காலை ஆறுக்கு வருகிறவரோடு குடித்தனம் செய்கிறவள் நான். ஆறிலிருந்து இருபத்திரண்டைக் கழித்தால் என்ன வரும்? அதோடு கார்டில் இருப்பது எந்தத் தேதி? துறைமுகத்தில் ஷிஃப்ட் தொடங்கிய நாளைத்தான் போடுவார்கள். விடிந்த நாளைப் போட்டால் சனிக்கிழமை ராத்திரி வேலை ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிடும்.

கையைத் தூக்கினேன். எழுந்து நின்றேன்.

"சார், ராத்திரி ஷிஃப்ட்டுக்குக் கார்டுல இருக்கிறது எந்த நாள் தேதி?"

பின்வரிசையில் ஒருவன், "வீட்ல ஹஸ்பண்டைக் கேட்டுட்டு வந்திருக்கலாமே, மேடம்" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"கேட்டுட்டுத்தான் வந்தேன். அவருக்கு ராத்திரி ஷிஃப்ட்" என்றேன்.

மேற்பார்வை செய்த பெரியவர் சிரிக்கவில்லை. கேள்வித்தாளை எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். உள்ளே போய் இன்னொருவரை அழைத்து வந்தார். இரண்டு பேரும் ஜன்னலோரம் நின்று பேசினார்கள். பிறகு சாக்பீஸை எடுத்து, தேதி என்பது ஷிஃப்ட் தொடங்கிய நாள், வேலை நள்ளிரவைத் தாண்டலாம் என்று பலகையில் எழுதினார். அறையில் இருந்த முப்பது பேரும் எழுதியதைக் கோடிட்டு அடிக்கிற சத்தம் கேட்டது, சாபிரா. அந்தச் சத்தம் எனக்கு ஆயுசுக்கும் போதும்.

நேற்று தபால் வந்தது. எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆறு பேரில் நான் ஒருத்தி. திங்கட்கிழமை சேர வேண்டும். பாஸ்கல் கடிதத்தைக் கப்பலடிக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார், எண்ணெய்க் கையோடு அய்யாத்துரை மேஸ்திரி பிடித்துப் பார்த்ததில் ஓரத்தில் பெருவிரல் அடையாளம். "உம் பொஞ்சாதி கேட்டுச்சா? அப்ப வேல கத்துக்கும்" என்றாராம். எனக்கு இப்போது இருக்கிற ஒரே கவலை, பகல் முழுக்க டோரதி முத்தம்மாவிடம் மீனைத் தின்று முள்ளை விழுங்கிவிடுவாளோ என்பதுதான்.

இனி உன் விஷயம். ஜூலை இதழிலும் எண் 5 இல்லை. செயலாளருக்கு எழுதிக் கேட்டேன், விலகுவதாகச் சொல்லியிருக்கிறாயாம். எனக்கு அது பிடிக்கவில்லை. உன்னைத் துரத்தவா நான் அப்படி எழுதினேன்? தப்பாகத் தூக்கியவனையும் கேங்கை விட்டு அனுப்ப மாட்டார்கள். மறுநாள் ஏற்றிவிட்டுக் கேட்கச் சொல்வார்கள்.

இந்த மாதம் எண் 31 என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். நேற்று சரியாக ஓடிய அதே கார்டுகள் இன்று வேறு கூட்டுத்தொகை தருகின்றன, ஏன் என்று கேட்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்டுக் கேட்டுக் கேட்டிருக்கிறார், பாவம். எண் 9 வழக்கம்போல் கையேடு என்றார். எனக்கு விடை தெரியவில்லை. மெஷின் பக்கத்தில் வருடக்கணக்காக நின்றவருக்குத்தான் தெரியும். அதனால் நான் இப்படி எழுதி அனுப்பிவிட்டேன்: எண் 17: எனக்குத் தெரியாது. நல்ல கேள்வி. இதற்கு எண் 5 இதே இதழில் பதில் சொல்வார்.

அச்சாகிவிடும். முப்பது பேர் படிப்பார்கள். செயலாளர் இதழை அச்சடிக்க ஸ்டென்சில் வெட்டுவது அடுத்த மாதம் பத்தாம் தேதி. அவருக்கு எழுதிவிட்டு, எனக்கும் சீக்கிரம் பதில் எழுது.

உன்
ஹில்டா