ஈறில் வந்த சிவப்புக் கட்டி

ஆகஸ்ட் 14, 1968. புதன்.

என் ஈறில் மிளகளவு சிவப்புக் கட்டி. ரத்தக்குழாய்கள் சேர்ந்து வளர்ந்த சதைதான், கெடுதல் இல்லை என்றார் பல் டாக்டர். அதோடு நிறுத்தவில்லை. "மாசமா இருக்கறவங்களுக்குத்தான் அதிகம் வரும். கல்யாணம் ஆயிடுச்சா?" பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள்.

ராயபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா, "யாருடி அவன்?" என்றாள்.

"யாரும் இல்லம்மா. மத்தவங்களுக்கும் வரும்."

"பொஸ்தகம் படிச்ச வாயி! நாளைக்கு மாதா திருநாள். பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு நன்மை வாங்கு."

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க நேராக மாதா கோயிலுக்கு இழுத்துப் போனாள். சொல்ல என்னிடம் இருந்த பாவம் அம்மா மீதுள்ள கோபம் மட்டுமே. பரிகாரமாக மூன்றே ஜெபம் சொல்லச் சொன்னார் சாமியார். சொல்லிவிட்டு எழுந்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா கையைப் பிடித்தாள்.

"இன்னாடி, அதுக்குள்ள எழுந்துட்ட? அந்தப் பாவத்துக்கு இவ்ளோதான் பரிகாரமா? சாமியார்கிட்டயே மறைச்சிட்டியா?"

நாளை பூசையில் சாமியார் நீட்டும் நன்மை அப்பத்தை நான் வாங்கினால், பாவத்தை மறைத்து வாங்கியதாக நினைக்கும் அவளுக்கு அது தேவதுரோகம். வாங்காவிட்டால், அவள் நினைப்பதை நானே ஒப்புக்கொண்டதாகும். வாங்கத்தான் போகிறேன். அவள் பார்க்கட்டும்.